கூடலூரைச் சுற்றிப் போன பாதி நாள்

அன்புள்ள சார்,

கோவையில் மென்பொருள் வேலை பார்க்கிறேன். பறவை பார்க்க ஆரம்பித்து இரண்டு வருடம் ஆகிறது. ஜனவரி கடைசியில் நண்பர்கள் மூவர் நான்கு நாள் நீலகிரிக்குப் போய் வந்தோம். அதிகாலை மூன்று மணிக்குக் கிளம்பி, விடிவதற்குள் கோத்தகிரி லாங்வுட் சோலையில் இருந்தோம். இரவு ஊட்டி, மறுநாள் தொட்டபெட்டா, மூன்றாம் நாள் மசினகுடி. கல்லட்டி வழியாக வெளியூர் வண்டிகளை இறங்க விடாததால் கூடலூரைச் சுற்றிப் போனதில் பாதி நாள் வீண். வண்டியிலேயே தூங்கிவிட்டோம். கைடு போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டுக் கூப்பிட்டதால் டார்கெட் பறவைகள் எல்லாம் கிடைத்தன. மொத்தம் 118 வகை, அதில் 14 லைஃபர், அதாவது வாழ்நாளில் முதல்முறை பார்ப்பவை.

வீட்டுக்கு வந்தபின் ஆபீஸில் ஒரு டிக்கெட்டை க்ளோஸ் பண்ணிய மாதிரிதான் இருக்கிறது. எங்கே பிசகியது? குரல் போட்டது தப்பா? ஏப்ரலில் வால்பாறை போகலாம் என்றிருக்கிறோம், சரியாக வருமா?

ஆர்., கோவை

அன்புள்ள ஆர்.,

118 நல்ல எண்ணிக்கைதான். பட்டியல் போடுவதை நான் கேலி செய்யமாட்டேன். அந்தக் காய்ச்சல் எனக்கும் ஆறேழு வருடம் இருந்தது. பட்டியலில் ஒரு புதுப் பெயருக்காகத் தங்கை நிச்சயதார்த்தத்துக்குத் தாமதமாகப் போய் வீட்டில் வாங்கிக் கட்டிக்கொண்டவன்.

உங்கள் கடிதத்தில் ‘கூடலூரைச் சுற்றிப் போனதில் பாதி நாள் வீண்’ என்ற வரியில்தான் நின்றுவிட்டேன். அந்தப் பாதி நாளுக்காகத்தான் நான் நீலகிரிக்கே போகிறேன்.

ஊட்டி சுமார் 2240 மீட்டர் உயரம். அங்கிருந்து நடுவட்டம் வழியாகக் கூடலூருக்கு இறங்கும்போது ஐம்பதே கிலோமீட்டரில் ஆயிரம் மீட்டருக்கு மேல் கீழே வந்துவிடுகிறீர்கள். அது மலையின் மேற்கு முகம். தென்மேற்குப் பருவமழை வந்து மோதும் பக்கம். சோலையும் சீகைமரமும் தேயிலையும் கடந்து, கூடலூரை நெருங்கும்போது காற்றே பிசுபிசுக்கும். அங்கே ஓடை ஓரத்து மரநிழலில் தீக்காக்கை அசையாமல் உட்கார்ந்திருக்கும். துடுப்புவால் கரிச்சான் மற்ற பறவைகளின் குரலைத் திருடிக் கத்தும். தொரப்பள்ளி தாண்டினால் முதுமலைக் காடு, தேக்கும் மூங்கிலும். தெப்பக்காட்டில் வலதுபுறம் திரும்பினால் பச்சை கொஞ்சம் கொஞ்சமாக வற்றிக்கொண்டே வரும். மேகம் தன் சுமையை மேற்குச் சரிவிலேயே இறக்கிவிடுவதால் மசினகுடி இருக்கும் சீகூர் பக்கத்துக்கு மிச்சம்தான். மசினகுடியில் முள்ளும் புதரும் மயிலும். ஒரே மதியத்தில் நான்கு காடு! நீங்கள் குறட்டை விட்டுக்கொண்டு கடந்திருக்கிறீர்கள்.

போகும்போதும் இதே கதைதான். மூன்று மணிக்குக் கிளம்பியதால் மலைப்பாதை முழுவதும் இருட்டு. நீங்கள் மலை ஏறவே இல்லை, மலையில் நாலு இடத்தில் இறக்கிவிடப்பட்டிருக்கிறீர்கள்.

அடுத்த முறை விடிந்தபின் மேட்டுப்பாளையத்தில் ஆரம்பித்து, கொண்டைக்குருவிகளை மட்டும் கவனித்துப் பாருங்கள், சின்னான் என்பதும் இவற்றைத்தான். கீழே கரண்டுக் கம்பியிலும் கருவேல மரத்திலும் நம் வீட்டுக் கொண்டைக்குருவி, புதரில் வெண்புருவச் சின்னான். ஏற ஏற, செம்மீசைச் சின்னான் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். குன்னூரில் தேயிலை வரப்பெல்லாம் அதன் ராஜ்யம். ஈரக் காடு இருக்கிற இடைப்பட்ட உயரத்தில் மஞ்சள் புருவச் சின்னான். இன்னும் மேலே சோலை மர உச்சியில் கருஞ்சின்னான் பூனைக்குட்டி மாதிரி கத்தும். பிறகு மசினகுடிக்கு இறங்கும்போது பழையபடி வெண்புருவன். இதில் ஒன்றுகூட டார்கெட் லிஸ்டில் இருக்காது. எனக்கு மலை புரிந்தது இந்தக் கூட்டத்தை வைத்துத்தான். ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் நேரத்தோடு உயரத்தையும் எழுதுங்கள், போனிலேயே காட்டுகிறதே.

அப்புறம் குரல் விஷயம். தப்புதான். குரலுக்கு வந்த பறவை உங்களைப் பார்க்க வரவில்லை. தன் எல்லைக்குள் ஒரு போட்டிக்காரன் நுழைந்துவிட்டான் என்று சண்டைக்கு வருகிறது. இரை தேட வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியிடம் செலவழிக்கிறது. சோலைகள் பெரும்பாலும் புல்வெளிக்கு நடுவே மலை மடிப்பில் ஒதுங்கிய சிறு துண்டுகள். லாங்வுட் சோலைக்கு 2024 ஜனவரியில் ராம்சர் என்ற ஈரநிலங்களுக்கான சர்வதேச அங்கீகாரம் கிடைத்தது. அதன் பரப்போ சுமார் 116 ஹெக்டேர்தான். தினமும் ஒரு கைடு அதே பாதை முனையில் அதே குரலைப் போட்டால் அந்த ஜோடி எங்கே போகும்? கைடைக் குறை சொல்லி என்ன, நாம் கேட்டதைத்தான் அவர் கொடுக்கிறார். குரல் வேண்டாம் என்று காலையிலேயே சொல்லிவிட்டால் பலர் நிம்மதியாகத்தான் நடப்பார்கள்.

உங்கள் 14 லைஃபரில் நீலகிரிச் சிரிப்பானும் நீலகிரி சோலைக்கிளியும் கட்டாயம் இருக்கும். சோலைக்கிளி கிளி இல்லை. சோலையின் தரையோரம் ஒளிந்து திரியும் நீலப் பறவை அது. மலையாளத்தில் கிளி என்றால் பொதுவாகச் சிறு பறவை, குழப்பம் அங்கிருந்து வருவது. இந்த இரண்டும் பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே மட்டும்தான். சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள தாழ்வான இடைவெளி, நீங்கள் ரயிலில் அரைத்தூக்கத்தில் கடப்பது. உயரத்துக் குளிர்ச் சோலையை விட்டு இறங்காத பறவைக்கு அது கடல் மாதிரி. தெற்கே பழனிமலை, ஆனைமலை உச்சிகளில் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளியும் பழனிச் சிரிப்பானும். பழைய புத்தகங்களில் இரண்டு சோலைக்கிளிகளும் ஒரே பெயரில் இருந்தன. 2017இல் மரபணு ஆய்வுகளை வைத்து இவற்றுக்கு ஷோலிகோலா என்று தனிப் பேரினமே கொடுத்தார்கள், நம் சோலைதான் அந்தப் பெயருக்குள்ளும் இருக்கிறது. என் பழைய நோட்டில் கொடைக்கானலுக்கும் ஊட்டிக்கும் ஒரே பெயரை எழுதி, இரண்டாவதற்கு நேரே ‘ஏற்கெனவே பார்த்தாச்சு’ என்று அலட்சியமாகக் குறித்திருக்கிறேன்.

மசினகுடியில் பாறு பார்த்தீர்களா? நீங்கள் எழுதவில்லை. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் பயந்து சொல்வதற்கு அழகான பழைய பெயர் பாறு. சீகூர் ஓடைகளின் நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டுகிறது. 1990களின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்ததில் ஆயிரத்தில் ஒன்றுதான் 2007இல் மிஞ்சியது. மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் வலிமருந்து, அந்த மாடு செத்ததும் தின்ற பாறுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்துக் கொன்றது. கால்நடைகளுக்கு அந்த மருந்தை 2006இல் தடை செய்தார்கள். பகல் பதினொரு மணிக்கு மேல், எல்லோரும் ரிசார்ட்டில் படுத்திருக்கும் நேரத்தில், வெயிலில் சூடான காற்று எழும்பும். அப்போது வானத்தைப் பாருங்கள். காட்டுச் சாலையில் வண்டியை நிறுத்தி இறங்கக் கூடாது, ஊருக்குள் நின்று பார்த்தாலே போதும்.

வால்பாறைக்குப் போங்கள், ஆனால் பெரிய அலகுள்ள காட்டுப் பறவையான பெரிய இருவாச்சிக்காகப் போங்கள். நீலகிரியில் பார்த்ததன் தெற்கத்திச் சொந்தங்களைப் பார்க்க ஆசை என்றால் கொடைக்கானல்தான் சுலபம். இரண்டையும் ஒரே பயணத்தில் திணிக்காதீர்கள். ஏப்ரல் சோலைப் பறவைகள் கூடு கட்டும் காலம், போன் பையிலேயே இருக்கட்டும். மூன்று நாள் என்றால் இரண்டு இடம் போதும். நடுவில் உள்ள சாலையைப் பகலில் கடங்கள், ஒருவராவது விழித்திருங்கள்.

கொடைக்கானலுக்கும் இ-பாஸ் எடுக்க வேண்டும், கிளம்பும் அன்று நினைவு வந்து தடுமாறாதீர்கள்.