டிரெய்லர் பார்த்துப் படத்தைத் தீர்மானிக்கலாமா?

கேள்வி: இரண்டாம் பாகம், மூன்றாம் பாகம் என்று வரும் பெரிய படங்களின் டிரெய்லரில் நாம் ரசித்த காட்சி, தியேட்டரில் காணாமல் போய்விடுகிறது. இது ரசிகர்களை ஏமாற்றும் வேலை இல்லையா?

பதில்: சில நேரங்களில் ஏமாற்று வேலையேதான். டிரெய்லர் தயாராகும் காலத்தில் படத்தொகுப்பும் கிராஃபிக்ஸும் முடிந்திருப்பதில்லை என்பதால் சில காட்சிகள் பின்னர் தாமாகவே உதிர்ந்துவிடுகின்றன; வேறு சில, ரசிகர்களைத் திசைதிருப்பவென்றே வைக்கப்படுகின்றன. 2017 நவம்பரில் வெளியான ‘அவெஞ்சர்ஸ்: இன்ஃபினிட்டி வார்’ டிரெய்லரில் மற்ற நாயகர்களோடு சேர்ந்து ஹல்க்கும் போர்க்களத்தில் ஓடிவருவார். படத்திலோ, தொடக்கத்திலேயே அடிபட்டுத் தோற்கும் ஹல்க், அதன் பிறகு எவ்வளவு அழைத்தும் வெளியே வர மறுத்துவிடுவார்.

டிரெய்லரை ஃப்ரேம் ஃப்ரேமாக நிறுத்திப் பார்க்கும் கூட்டத்திடமிருந்து ஒரு திருப்பத்தைக் காப்பாற்ற வேறு வழி குறைவு. 2021 நவம்பரில் வந்த ‘ஸ்பைடர்மேன்: நோ வே ஹோம்’ டிரெய்லரின் பிரேசில் பதிப்பில், பல்லி வில்லனின் முகம் யாரும் உதைக்காமலேயே சட்டென்று ஒருபுறம் திரும்பியது. உதைத்தவரைக் கணினியில் அழித்துவிட்டார்கள், அது பழைய ஸ்பைடர்மேன்களில் (முந்தைய படங்களில் அந்த வேடத்தில் நடித்தவர்களில்) ஒருவராகத்தான் இருக்க வேண்டும் என்று ரசிகர்கள் முடிவுகட்டினார்கள். பழைய ஸ்பைடர்மேன்களில் ஒருவரான ஆண்ட்ரூ கார்ஃபீல்டு, தான் அதில் இல்லை என்று பேட்டிக்குப் பேட்டி மறுத்துக்கொண்டிருந்தார். டிசம்பரில் படம் வந்தபோது ரசிகர்களின் கணிப்பே சரியாக இருந்தது. இத்தகைய ஏமாற்றைப் பெரும்பாலான ரசிகர்கள் மன்னித்துவிடுகிறார்கள், ஏனெனில் அது ஒரு விளையாட்டு என்பது இரு தரப்புக்கும் தெரியும்.

டிரெய்லரில் வந்த நடிகை படத்திலேயே இல்லாமல் போவது வேறு கதை. அப்படியொரு வழக்கில், டிரெய்லரும் விளம்பரமே, எனவே பொய் விளம்பரத்துக்கு எதிரான சட்டம் அதற்கும் பொருந்தும் என்று அமெரிக்க நீதிபதி ஒருவர் 2022 டிசம்பரில் கூறியிருக்கிறார்.

கேள்வி: ரசிகர்கள் கொதித்தெழுந்தால் படத்தை மாற்றுவார்களா?

பதில்: மாற்றக்கூடியதாக இருந்தால் மாற்றுவார்கள். 2019 ஏப்ரலில் வந்த ‘சோனிக்’ டிரெய்லரில், 1991 முதல் வீடியோ கேமில் பழகிய அந்த நீல உருவத்துக்கு மனிதப் பற்களைப் பொருத்தியிருந்தார்கள். எதிர்ப்பு கிளம்பிய சில நாட்களிலேயே உருவத்தை மாற்றப்போவதாக இயக்குநர் அறிவித்தார். வெளியீடு நவம்பரிலிருந்து 2020 பிப்ரவரிக்குத் தள்ளிப்போனது. படம் ஓடி, பின்னர் அதற்கே தொடர்பாகங்களும் வந்தன. ஆனால் அங்கே திருத்தப்பட்டது கணினியில் வரைந்த முகம் மட்டுமே. கதை பலவீனமாகத் தெரிகிறது, பழைய நாயகனுக்கு அவமரியாதை செய்துவிட்டார்கள் என்று எழும் கோபத்துக்கு அந்த அதிகாரம் கிடையாது, ஏனெனில் டிரெய்லர் வெளிவரும்போது கதை பெரும்பாலும் படமாக்கி முடிக்கப்பட்டிருக்கும்.

கேள்வி: 24 மணி நேரத்தில் இத்தனை கோடிப் பார்வைகள் என்ற சாதனைக்கு என்ன மதிப்பு?

பதில்: ஆவலுக்குச் சான்று, தரத்துக்கு அல்ல. ‘நோ வே ஹோம்’ முதல் டிரெய்லருக்கு 35.55 கோடி, 2024 பிப்ரவரியில் ‘டெட்பூல் அண்ட் வுல்வரின்’ டிரெய்லருக்கு 36.5 கோடி என்று அறிவித்தார்கள். ஒரே ரசிகர் பலமுறை பார்த்ததும் இந்தக் கணக்கில் அடக்கம். இரண்டாம் பாகம் என்றாலே முதல் பாகத்தின் மீதுள்ள பாசமும் சேர்ந்துதான் எண்ணப்படுகிறது.

கேள்வி: அப்படியானால் டிரெய்லரே பார்க்காமல் இருப்பது நல்லதா?

பதில்: முதல் டீசரோடு நிறுத்திக்கொள்ளுங்கள். வெளியீடு நெருங்க நெருங்கத் தயாரிப்பாளர்களுக்குப் பதற்றம் கூடும், ரகசியங்கள் கசியும். 2015இல் வந்த ‘டெர்மினேட்டர் ஜெனிசிஸ்’ டிரெய்லர், மனிதகுலத்தின் தலைவரே எதிரியாக மாறிவிட்டதை முன்கூட்டியே காட்டிவிட்டது. அதன் இயக்குநர் ஆலன் டெய்லரே அதில் தமக்கு உடன்பாடில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். (பத்தாண்டு கடந்துவிட்டதால் இங்கே எழுதுகிறேன்; இன்னும் பார்க்காதவர்கள் கோபிக்க வேண்டாம்.)