பழைய ட்ரெயில் பைக்கா புதுசா? திருகோணமலை உள் ரோட்டுக்காரருக்கு கேள்வி பதில்

மழை விட்டதுல இருந்து ட்ரெயில் பைக் (மண், மணல், காட்டுப் பாதையில ஓட எண்டு செய்த பைக்) பத்திக் கேக்குற ஆக்கள் கூடிட்டாங்க, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியாச் சொல்லாம கேட்டத எல்லாம் ஒரே இடத்துல எழுதுறன். நான் கதைக்கிறது 125 சிசில இருந்து 250 சிசி வரைக்கும் உள்ள வண்டிகளப் பத்தி மட்டும்தான்.

உப்புவெளித் தம்பி: அண்ணா, லீவு நாள்ல மூதூர், வெருகல், திரியாய் பக்கம் ஓட ஒரு பைக் வேணும். புது ஹீரோ எக்ஸ்பல்ஸ் எடுக்கவா, பழைய யமஹா செரோ ஒண்டு பாக்கவா? வீட்டுல பழசு வேணாம் எண்டுறாங்க.

தம்பி, மூதூர் மட்டும் போறதெண்டா எந்த பைக்கும் போகும், 2009ல கிண்ணியாப் பாலமும் அதுக்குப் பிறகு மத்தப் பாலங்களும் திறந்ததுல இருந்து அது தார் ரோட்டு ஓட்டம்தானே. நீங்க கேக்குற வித்தியாசம் தாரை விட்டு இறங்கின பிறகுதான் தெரியும். வெருகல் பக்கம் ஆத்து மணல், திரியாய் பக்கம் கடற்கரை மணல், மழைக்குப் பிறகு வயல் ரோட்டுல ரயருக்கும் மட்காட்டுக்கும் இடையில அப்பிப் பிடிக்கிற களிமண், அதோட மாடு நடந்து குழி விழுந்த குளக்கட்டு. இந்த இடங்கள்ல ஆர் ஓடினாலும் வண்டி ஒருக்கா விழத்தான் செய்யும். விழுந்த வண்டிய தனி ஆளா நிமித்துவீங்களா எண்டதத்தான் வாங்குறதுக்கு முதல் யோசிக்கணும்.

1985ல வந்த முதல் செரோவுக்கு பெற்றோல் ஊத்தாம 102 கிலோ, எல்லாம் ஊத்தினா 110 தாண்டும். நாலு வால்வு எக்ஸ்பல்ஸ் 158 கிலோ அளவு. அந்த நாப்பத்தஞ்சு கிலோ தார் ரோட்டுல தெரியாது, ஆனா மத்தியான வெயில்ல முழங்கால் மட்டும் மணல்ல புதைஞ்சு நிக்கேக்க நல்லாத் தெரியும். செரோட 223 சிசி எஞ்சின் காத்துல குளிருற சாதாரண எஞ்சின், ஆறு கியர், முதல் கியர் அவ்வளவு லோவா இருக்கிறதால கிளச்ச தொடாம ஆள் நடக்கிற வேகத்துல குளக்கட்டுல போகலாம்.

அதுக்காக எக்ஸ்பல்ஸ் கூடாத வண்டி எண்டு ஒருநாளும் சொல்லமாட்டன். முன்னுக்கு 21 இஞ்சி, பின்னுக்கு 18 இஞ்சி வளையம், தரையில இருந்து 220 மில்லிமீற்றர் இடைவெளி, முன் சொக்கப்சர் 190 மில்லிமீற்றர் இறங்கும், டிஸ்க் பிரேக், 13 லீற்றர் டாங்க். இந்த விலைக்கு இப்பிடி ஒரு வண்டி முந்தி நமக்குக் கிடைச்சதில்ல. தனியாப் போகாம ரெண்டு மூண்டு பேரா போற ஆளெண்டா, பழசத் திருத்த நேரமில்லாத ஆளெண்டா, யோசிக்காம புதுசு எடுங்க. தனியா மணலுக்குள்ள இறங்குற ஆளெண்டா என்ட வோட்டு பாரம் குறைஞ்ச பழசுக்குத்தான்.

கிண்ணியாவில இருந்து: ஒவ்வொரு நாளும் டவுனுக்கு வேலைக்குப் போகவும் அதே வண்டிதான். பழசு தாங்குமா?

தாங்கும், ஆனா உங்களுக்கு வேணாம். காலையில ஸ்டார்ட் ஆகாட்டி சம்பளம் வெட்டுப்படுற ஆளுக்கு புதுசுதான் சரி.

தம்பலகாமம்: பழைய வண்டி ஒண்டு பாத்திருக்கன், பெயின்ட் எல்லாம் பளபளப்பா இருக்கு. என்னென்ன பாக்கணும்?

பெயின்ட்ட விடுங்க. போன உடன எஞ்சின்ல கைய வைங்க. சூடா இருந்தா நீங்க வர முதல் ஸ்டார்ட் பண்ணி வச்சிருக்காங்க எண்டு அர்த்தம், ஆறட்டும் எண்டு தேத்தண்ணி குடிச்சுட்டு வாங்க. குளிர்ந்த எஞ்சின்ல கிக் அடிச்சுப் பாத்தாத்தான் உண்மை தெரியும். ஸ்டார்ட் ஆன உடன கொஞ்சம் நீலப் புகை வந்து நிண்டா வால்வு சீல், சின்னச் செலவு. ஓடி சூடான பிறகும் அக்சிலேட்டர் முறுக்கேக்க நீலப் புகை வந்துகொண்டே இருந்தா பிஸ்டன் ரிங்கும் போரும் தேஞ்சிருக்கு, அது பெரிய செலவு.

பிறகு வண்டிய ஸ்டாண்டுல தூக்கி வச்சு பின் சில்ல ரெண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்க, டக் டக் எண்டு ஆடினா சுவிங் ஆர்ம் (பின் சில்லப் பிடிச்சிருக்கிற கை) புஷ் போயிருக்கு. ஹேண்டில மெதுவா இடம் வலம் திருப்புங்க, நடுவுல வரேக்க ஒரு இடத்துல பொறுத்து நிண்டா கொண்டை பெயாரிங்ல குழி விழுந்திருக்கு. டாங்க் மூடியத் திறந்து டோர்ச் அடிச்சு உள்ளுக்குள்ள பாருங்க, இத நிறைய பேர் பாக்குறதில்ல, நம்மட உப்புக் காத்துக்கு அரைவாசி பெற்றோலோட மாசக்கணக்கா நிண்ட டாங்குல மேல்பக்கம்தான் முதல் துருப் பிடிக்கும். சில்லுக் கம்பிகள ஒவ்வொண்டா ஸ்க்ரூ டிரைவரால தட்டுங்க, இறுக்கமான கம்பி கிணுங் எண்டும், தளர்ந்தது மொட்டையா சத்தம் தரும்.

எல்லாத்துக்கும் மேல செசி நம்பரும் எஞ்சின் நம்பரும் வண்டிப் புத்தகத்துல இருக்கிறதோட ஒவ்வொரு எழுத்தாப் பொருந்தணும். ஹேண்டிலுக்குக் கீழ செசியிட கழுத்துப் பக்கம் நம்பர் அடிச்ச இடத்துல பெயின்ட் மட்டும் புதுசாவோ, கிரைண்டர் பிடிச்ச தடமோ இருந்தா விலை எவ்வளவு குறைவெண்டாலும் திரும்பி வந்துருங்க. ஓபன் பேப்பர்ல, அதாவது பேர் மாத்தாம கையெழுத்துப் பேப்பரோட மட்டும், மூண்டு கை மாறின வண்டியும் வேணாம், பேர் மாத்திறதுக்கு கடைசியா நீங்கதான் அலையணும்.

சேருநுவர: யமஹா டிடி, சுசுகி டிஎஸ் மாதிரி டூ ஸ்ட்ரோக் வண்டி எடுக்கலாமா?

மணல்ல சந்தோஷமான வண்டி, பாரமும் குறைவு. ஆனா இழுவை எல்லாம் மேல் ரெவ்வுலதான், மெதுவாப் போற இடத்துல எஞ்சின் திக்கும், இறக்கத்துல எஞ்சின் பிரேக்கும் பெருசா இல்ல. வாங்கினா முதல் கேள்வி ஒயில் பம்ப் வேலை செய்யுதா எண்டது. சில பேர் பம்பைக் கழட்டிட்டு பெற்றோலோட ஒயில் கலந்து ஊத்துறாங்க, அது தெரியாம வெறும் பெற்றோல் அடிச்சா பிஸ்டன் பிடிச்சுரும். ஐடில்ல விட்டிருக்கேக்க ரெவ் தன்பாட்டுல ஏறினா க்ராங்க் சீலால காத்து இழுக்குது, எஞ்சின் பிரிக்கிற வேலை.

நிலாவெளித் தங்கச்சி: நான் அஞ்சடி ரெண்டு. ட்ரெயில் பைக் எல்லாம் உயரமா இருக்கே அண்ணா?

எக்ஸ்பல்ஸ் சீற் 825 மில்லிமீற்றர் அளவு, செரோ 810. பதினஞ்சுதான் வித்தியாசம், ஆனா செரோ ஒடுக்கமான வண்டி, கால் நேரா இறங்கும், பாரமும் குறைவு எண்டதால ஒரு கால் நுனி தட்டினாலே பிடிச்சுக்கொள்ளலாம். இன்னும் தாழ்வா வேணுமெண்டா யமஹா டிடபிள்யூ 200 பாருங்க தங்கச்சி, 1987ல வந்த மாடல், பின் ரயர் 180 அகலம், உங்கட பக்கத்து மணலுக்கு நல்லா இருக்கும். அந்த அளவு ரயர் இங்க லேசில கிடைக்காது, அதனால வண்டிக்குக் காசு குடுக்க முதல் ரயர் எங்க எடுக்கலாம் எண்டு விசாரிங்க. சீற்றுக்குள்ள பஞ்ச வெட்டித் தாழ்த்தலாம், சொக்கப்சரக் குறுக்காட்டாதீங்க.

குச்சவெளி: மணல்ல ரயர் காத்து எவ்வளவு?

பாரம் குறைஞ்ச வண்டிக்கு 16, 18 பிஎஸ்ஐ வரைக்கும் இறக்கலாம். ரியூப் வால்வு வளையத்துல நேரா நிக்குதா எண்டு இடைக்கிடை பாருங்க, சாய ஆரம்பிச்சா ரயரோட சேந்து ரியூப்பும் சுத்துது, இன்னும் ஓடினா வால்வு பிடுங்கிப் போயிரும். தாருக்கு ஏற முதல் திரும்ப அடிக்கணும், ஒரு கைப்பம்ப் கட்டாயம் வச்சிருங்க.

ஓர்ஸ் ஹில்: எஞ்சினுக்குப் பெற்றோல் குடுக்க காபரேட்டர் உள்ள வண்டியா, இன்ஜெக்ஷன் உள்ள வண்டியா நல்லம்?

ஒவ்வொரு நாளும் ஓடினா இன்ஜெக்ஷன். மாரியில ரெண்டு மூண்டு மாசம் நிப்பாட்டி வைக்கிற ஆளெண்டா காபரேட்டர், அதுக்கு அடியில இருக்கிற சின்ன ஸ்க்ரூவக் கழட்டி உள்ள நிக்கிற பெற்றோல வடிச்சுட்டு நிப்பாட்டினீங்க எண்டா தை மாசம் ரெண்டு கிக்குல ஸ்டார்ட் ஆகும். இன்ஜெக்ஷன் வண்டில பற்றரி முழுசா இறங்கினா பெற்றோல் பம்ப் ஓடாது, தள்ளியும் ஸ்டார்ட் பண்றது கஷ்டம், காட்டுக்குள்ள அது கரைச்சல்.

கந்தளாய்: 2020ல வாகன இறக்குமதி நிப்பாட்டின பிறகு பழசுக்கெல்லாம் தங்க விலை சொல்றாங்களே?

ஓம், 2025ல திரும்பத் திறந்தும் சொல்ற விலைய ஆக்கள் இறக்க மனமில்லாம இருக்காங்க. அவசரப்படாதீங்க. கேக்குற விலையோட ரயர் ரெண்டு, செயின் செற், கேபிள், பிரேக் சூ எல்லாத்தையும் கூட்டி, அது புது வண்டி விலைக்குக் கிட்ட வந்தா புதுசையே எடுங்க.

மொரவெவ: பழைய ஹொண்டா எக்ஸ்எல் ஒண்டு இருக்கு, ராவுல வெளிச்சம் காணாது. என்ன செய்யலாம்?

அது 6 வோல்ட் வண்டி, எஞ்சின் ரெவ் இறங்க வெளிச்சமும் இறங்கும். 12 வோல்டுக்கு மாத்தலாம், கொயிலும் ரெகுலேட்டரும் சேத்து மாத்தத் தெரிஞ்ச ஆளிட்டக் குடுங்க, பல்ப மட்டும் மாத்தி வேலையில்ல. ஆனா மாத்தினாலும் உங்கட பக்கமும் கோமரங்கடவல பக்கமும் பின்னேரம் அஞ்சு மணிக்குப் பிறகு உள் ரோட்டுல ஓடாதீங்க. யானை ரோட்டோரப் பத்தைக்குள்ள அசையாம நிண்டா 12 வோல்ட் லைட்டுக்கும் தெரியாது, அந்த ஒடுக்க ரோட்டுல வண்டியத் திருப்பவும் நேரம் கிடைக்காது.