சால்மன்: நிறத்துக்கா காசு?

வளர்ப்பு சால்மன் மீனுக்குச் சாயம் ஏற்றுகிறார்களாமே, வாங்கலாமா? – வேதாரண்யம்

உங்கள் பக்கத்துக் கோடியக்கரைக்கு வரும் பூநாரைக்கு யார் சாயம் பூசினார்கள்? தின்னும் பாசியிலும் உப்புநீர்ப் பூச்சியிலும் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது. சால்மனும் அப்படித்தான். கடலில் திரிவது கிரில் என்ற இறால் போன்ற உயிரைத் தின்னும். அதிலுள்ள அஸ்டாசாந்தின் சதையில் தங்கும். இறால் வெந்ததும் சிவக்கிறதே, அதே நிறமி. பண்ணைக் கூண்டில் கிரில் இல்லாததால் அஸ்டாசாந்தினைத் தீவனத்தில் கலக்கிறார்கள். கலக்காவிட்டால் சதை சாம்பல் வெள்ளையாக இருக்கும், சீந்த ஆளிருக்காது. எவ்வளவு சிவப்பு என்று ஒப்பிட 20 முதல் 34 வரை எண் போட்ட வண்ண விசிறியே உண்டு. தாராளமாக வாங்குங்கள். ஆனால் சிவப்பு கூடியதற்காகக் கூடுதல் காசு கொடுக்காதீர்கள். இந்த நிறமி கொழுப்பில்தான் கரையும். கழுவும் தண்ணீர் பளிச்சென்று சிவந்தால் அது வேறு சாயம், சமைக்காமல் கடைக்கே திருப்புங்கள்.

'இந்தியன் சால்மன்' என்று வாங்கினேன். உள்ளே வெள்ளைச் சதை. போலியா? – மயிலாடுதுறை

போலி மீனில்லை, போலிப் பெயர். நீங்கள் வாங்கியது அநேகமாகக் காலா மீன். மும்பையில் ராவஸ் என்பார்கள். சால்மன் குடும்பத்துக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. எனக்கு இதில்தான் எரிச்சல். நாகப்பட்டினத்துக் கரையில் இறங்கும் அருமையான மீனுக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. அதை மறைத்துக் குளிர்நாட்டு மீனின் பெயரை ஒட்டுவது விலையை ஏற்றத்தானே? முழு மீனைப் பாருங்கள். மார்புத் துடுப்புக்குக் கீழே நான்கு நூல் தொங்கினால், முதுகில் இரண்டு துடுப்பு இருந்தால், காலா. சால்மனுக்கு நூல் கிடையாது. முதுகுத் துடுப்புக்கும் வாலுக்கும் நடுவே முள்ளில்லாத சின்னச் சதைத் துடுப்பு இருக்கும். வங்கக் கடலில் சால்மன் இல்லை. 'இன்று காலை படகில் வந்த சால்மன்' என்று யாராவது சொன்னால் நடையைக் கட்டுங்கள். காலாவைக் காலா விலைக்கே கேளுங்கள்.

1 கிலோ உறைந்த சால்மன் பாக்கெட், உருகியதும் 780 கிராம். கடைக்காரர் கையை விரிக்கிறார். பில் இருக்கிறது. – தஞ்சாவூர்

உங்கள் கோபம் நியாயம். உறைந்த மீன் காயாமலிருக்க மேலே பனிப்பூச்சு கொடுப்பார்கள். அந்த எடை மீன் கணக்கில் சேரக் கூடாது. நானும் பனிக்கட்டிக்கு மீன் விலை கொடுத்தவன்தான். பையில் நிகர எடையையும், இறக்குமதியாளர் பெயரையும், 14 இலக்க உணவு உரிம எண்ணையும் படமெடுங்கள். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசுங்கள். மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த விலை 5 லட்சம் வரை கட்டணமில்லை, 2 ஆண்டுக்குள் போக வேண்டும்.

எனக்கும் அதே கதை, ஆனால் பில்லும் பையும் குப்பைக்குப் போய்விட்டன. – திருவாரூர்

பிறகு எதை வைத்து வழக்காடுவது?

பொரிக்கும்போது வெள்ளையாக ஏதோ கசிகிறது. – கும்பகோணம்

மீனின் புரதம். தீ அதிகம். தோலடியில் பழுப்புப் பட்டை இருந்தால் அதுவும் கெட்டதில்லை. கொழுப்பு மிகுந்த கருஞ்சதை, வாடை பிடிக்காவிட்டால் சீவிவிடுங்கள்.

புளிக்குழம்பில் கரைந்தே போகிறது. – மன்னார்குடி

வஞ்சிரம் மாதிரி கொதிக்கவிட்டிருப்பீர்கள். குழம்பில் புளியின் பச்சை வாசம் போய், கெட்டியான பிறகு 4 செ.மீ. கனத் துண்டுகளைத் தோலோடு போட்டு, சிறுதீயில் 5, 6 நிமிடம். கரண்டி கூடாது, சட்டியைப் பிடித்து ஆட்டுங்கள். மீனே கொழுப்பு, நல்லெண்ணெயைப் பாதியாக்குங்கள். முதல் நாள் இரவே ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக்க வேண்டும். காற்றில்லாமல் அடைத்த பையானால் வெட்டித் திறந்துவிட்டே உருக்குங்கள். காற்றில்லாத இடத்தில்தான் பாட்டுலிசம் என்ற கொடிய உணவு நச்சு நோயின் கிருமி நஞ்சு சுரக்கும்.

வாங்கிய துண்டை வீட்டில் பச்சையாகச் சாப்பிடலாமா? – பட்டுக்கோட்டை

வேண்டாம். மீனில் இருக்கக்கூடிய ஒட்டுண்ணிப் புழுவைக் கொல்ல மைனஸ் 20 டிகிரியில் 7 நாள் உறைய வேண்டும். அடிக்கடி திறந்து மூடும் உங்கள் ஃப்ரீசர் அதைத் தாங்காது.