ஏர் மாடு வாங்கலாமா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: சிவகங்கைப் பக்கம் 2 ஏக்கர் செவக்காடு. பல வருஷமாக டிராக்டர் உழவுதான். மழை பெய்தால் தண்ணீர் இறங்காமல் வழிந்து ஓடுகிறது, கடலைச் செடியைப் பிடுங்கினால் ஆணிவேர் பக்கவாட்டில் வளைந்திருக்கிறது. காளை ஜோடி வாங்கி உழுதால் மண் பழையபடி ஆகுமா?

பதில்: உழவுக்காக மட்டும் என்றால் வாங்காதீர்கள். வேர் வளைகிறது என்றாலே அடிமண் இறுகியிருக்கிறது. நல்ல மழைக்கு மறுநாள் ஒரு இரும்புக் கம்பியைக் குத்துங்கள், எங்கே முட்டி நிற்கிறதோ அங்கேதான் வில்லங்கம். டன் கணக்கில் எடையுள்ள டிராக்டர் ஈரக்காட்டில் ஏறி இறங்கி வருஷா வருஷம் ஒரே ஆழத்தில் உழுதால் இப்படி ஆகும், ஆனால் செம்மண்ணில் களித்துகள் மழையோடு கீழே இறங்கிப் படிந்தும் இறுகும், அதனால் முழுப் பழியையும் டிராக்டர் மேல் போட முடியாது. நாட்டுக்கலப்பை நாலைந்து அங்குலம்தான் கீறும், அந்த அடுக்கை அது தொடாது. கோடையில் மண் காய்ந்திருக்கும்போது மண்ணைப் புரட்டாமல் ஆழமாகக் கீறி உடைக்கும் உளிக்கலப்பையை ஒன்றரை அடி ஆழத்துக்கு ஓட்டுங்கள், 3 வருஷத்துக்கு ஒரு தடவை போதும். அதை இழுக்கவும் டிராக்டர்தான் வேண்டும், என்ன செய்ய!

சரி, உடைத்த மண் மறுபடி இறுகாமல் இருக்க வேண்டுமே, அங்கேதான் கால்நடையின் எரு கை கொடுக்கிறது. உங்கள் ஊர்ப்பக்கம் ஆட்டுக்கிடை போடும், அதாவது ராத்திரியில் மந்தையை நிலத்தில் அடைக்கும் கீதாரிகள் உண்டு, புலிக்குளம் இன மாட்டுக்கிடையும் உண்டு. பேசி நிலத்தில் அமர்த்துங்கள். குப்பைக்குழியில் வீணாகும் மூத்திரம் கிடையில் நேராக மண்ணுக்குள் போகிறது. கிடை கலைந்ததும் மேலாக ஒரு உழவு ஓட்டி மூடிவிடுங்கள், வெயிலில் கிடந்தால் தழைச்சத்து காற்றோடு போய்விடும். இந்த மேலுழவுக்கு ஏர் மாடு அருமையானது, அதிகம் மிதிபடாது, மூலை முடுக்கிலும் திரும்பும். வாடகைக்குக் கிடைத்தால் விடாதீர்கள். 2 ஏக்கருக்காக ஒரு ஜோடிக்கு வருஷம் பூராவும் தீனி போட்டுக் கட்டுப்படியாகாது, வண்டி வேலையும் இருந்தால் யோசிக்கலாம்.

கேள்வி: திருவாரூரில் நெல் வயல். எங்களுக்கும் இதே வைத்தியம்தானா?

பதில்: இல்லை, அப்படியே தலைகீழ். நெல்லுக்கு அடிமண் இறுகியிருந்தால்தான் தண்ணீர் நிற்கும், சேறடிப்பதே பாதி அதுக்குத்தான். கனமான வண்டி சேற்றில் புதைந்து அந்த அடுக்கைக் கிழிப்பதுதான் அங்கே தொல்லை. உம்பளச்சேரி மாடு இந்தச் சேற்றுழவுக்கென்றே உங்கள் பகுதியில் வளர்த்த இனம், இன்னும் வைத்திருப்பவர்களிடம் கேட்டுப் பாருங்கள். உளிக்கலப்பையை மட்டும் வயலுக்குள் இறக்கிவிடாதீர்கள்.