மைனர் லீக் (பெரிய லீக்குக்குத் தயாராகும் வீரர்கள் ஆடும் கீழ்நிலை லீக்) பேஸ்பால் மைதானங்களுக்கான ரசிகர் வாக்கெடுப்பில் எதற்கு முதலிடம் தருவீர்கள்?

அயோவா மாநிலம் டேவன்போர்ட்டில் இருக்கும் மாடர்ன் உட்மென் பார்க். இதில் எனக்கு இரண்டாம் யோசனையே இல்லை.

கூட வேலை பார்ப்பவர் யாராவது உங்களுக்கு லிங்க் அனுப்பி ஓட்டுப் போடச் சொல்லியிருப்பார். தயவுசெய்து போட்டோவைப் பார்த்து வரிசை போடாதீர்கள். போட்டோவில் புது மைதானம்தான் ஜெயிக்கும். இது 1931ல் கட்டியது. ஒட்டியே மிசிசிப்பி ஓடுகிறது, வலது ஃபீல்டுக்கு அந்தப் பக்கம் சென்டென்னியல் பாலம். 1993 வெள்ளத்தில் மைதானமே தண்ணீரில் மூழ்கியது. அப்படியும் ஆற்றை விட்டுப் போகவில்லை. 2004ல் புதுப்பித்தபோது, கழற்றி மாட்டும் வெள்ளத் தடுப்புச் சுவர் வைத்தார்கள். பேஸ்பால் வீரர் கார்லோஸ் கொரேயா 2013ல் இங்கே ஆடிவிட்டுப் போனவர்தான், 2017ல் ஹூஸ்டன் அணிக்காகப் பெரிய லீக்கின் இறுதித் தொடரான வேர்ல்டு சீரிஸ் ஜெயித்தார்.

அப்பா ஊரிலிருந்து வந்திருந்தபோது அங்கே கூட்டிப்போனேன். திருவையாற்றுக்காரர், கூட்டுறவு வங்கியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர். முதலில் ஆற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். பக்கத்து சீட்டில் ஒரு பெரியவர் பென்சிலால் ஸ்கோர் கார்டு நிரப்பிக்கொண்டிருந்தார். அப்பா எட்டி எட்டிப் பார்ப்பதைக் கவனித்து, கார்டை அப்பா மடியிலேயே வைத்துவிட்டார். ஸ்ட்ரைக் அவுட்டுக்கு, அதாவது மூன்று பந்துகளைத் தவறவிட்டு அவுட்டானால், ஆங்கில 'கே' எழுத்து; மட்டையைச் சுழற்றாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட்டானால் அதே எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். இருவருக்கும் பொதுவாகப் பாஷை கிடையாது. ஏழாவது இன்னிங்ஸில் அப்பா, "தம்பி, இவன் சும்மா நின்னே போனான், திருப்பிப் போடணும்ல?" என்று என்னிடம் கேட்டுக்கொண்டே எழுதினார். பெரிய லீக் ஸ்டேடியத்தில் நாற்பதாயிரம் பேருக்கு நடுவே இது நடந்திருக்குமா, சொல்லுங்கள்.

வட கரோலினாவின் டர்ஹாம் மைதானத்து ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள், தெரியும். இடது ஃபீல்டில் 32 அடி நீலச் சுவர், ஹோம் ரன் (கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தால் புகை விடும் காளை உருவப் பலகை, அதன் மேல் பந்து பட்டால் அடித்தவருக்கு ஸ்டேக் (மாட்டிறைச்சி வறுவல்) பரிசு. அருமையான இடம், மறுக்கவில்லை, என் பட்டியலில் இரண்டாவது. ஆனால் பெரிய ஊர் அணிக்கு ஓட்டுச் சேர்க்க ஆள்பலம் இருக்கிறது. சின்ன ஊருக்கு யார் இருக்கிறார்கள்? அதே ஆற்றங்கரையில் உள்ள கிளின்டனும் பர்லிங்டனும் 2021ல் மைனர் லீக் அணிகளை 120ஆகக் குறைத்தபோது வெளியே தள்ளப்பட்டன. அந்த ஊர் ரசிகர்கள் என்ன குறை வைத்தார்கள்?

   

ஓட்டுப் போடும் முன் முடிந்தால் டேவன்போர்ட்டில் ஒரு மாலை ஆட்டம் பாருங்கள். மூன்றாம் பேஸ் பக்கம் டிக்கெட் எடுங்கள், பாலம் அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.