பழைய இனூயிட் (ஆர்க்டிக் பக்கத்துப் பழங்குடிகள், முன்னாடி எஸ்கிமோன்னு சொன்னவங்க) போட்டோக்கள்ல இருக்கறவங்களுக்கு ஏன் பேரே போடல? அவங்க யாருன்னு இனிமே கண்டுபிடிக்க முடியுமா?

நான் ஆராய்ச்சியாளர்லாம் இல்லங்க. ஃபிலிம் காலத்துல ஒரு ஸ்டூடியோ டார்க்ரூம்ல ஒம்பது வருஷம் ஹைப்போ கெமிக்கல் நாத்தத்துல கெடந்தவன், அவ்ளோதான். சேந்த முதல் வாரமே நெகட்டிவ் கவர்ல பேர் எழுதாம வெச்சுட்டேன்னு ஓனர்கிட்ட வாங்கின திட்டு இன்னும் காதுலயே இருக்கு. அதனால "எஸ்கிமோ பெண்", "எஸ்கிமோ குழந்தைகள்"னு மட்டும் எழுதியிருக்கற போட்டோவ நெட்ல பாக்கறப்பலாம் கை அரிக்கும், பேர் எங்கடா, பேர் எங்க?

பேர் இல்லாததுக்குக் காரணம் ரொம்ப சிம்பிள். எடுத்தவனுக்கு அந்த ஆள் தேவைப்படல, "இவங்க இப்படித்தான் இருப்பாங்க"ன்னு காட்ட ஒரு சாம்பிள்தான் தேவைப்பட்டுது. சட்டை தெரியணும், முகவெட்டு தெரியணும், முடிஞ்சா நேரா ஒண்ணு பக்கவாட்டுல ஒண்ணு, அவ்ளோதான் வேலை.

ஆனா எல்லாரையும் ஒரே தராசுல நிறுத்த முடியாது. கனடாவுல ஹட்சன் விரிகுடாவோட வடமேற்குக் கரையில ஃபுல்லர்டன்னு ஒரு இடம், திமிங்கல வேட்டைக் கப்பலுங்க குளிர்காலத்துக்கு ஒதுங்கற துறைமுகம். 1903-05ல அங்க கேமராக்காரங்க கூட்டம்தான்: அரசாங்கம் அனுப்பின ஜியாலஜிஸ்ட் ஏ.பி. லோ, அமெரிக்கத் திமிங்கலக் கேப்டன் ஜார்ஜ் கோமர், அப்புறம் 1904ல போலீஸ் அதிகாரியான புருஷனோட வந்து எறங்கின ஜெரால்டின் மூடி. இந்தம்மா சும்மா கூட வந்தவங்க இல்ல, அதுக்கு முன்னாடியே மேற்குக் கனடாவுல சொந்தமா ஸ்டூடியோ நடத்தினவங்க. அது அவங்க எடுத்த பெண்கள் படங்களப் பாத்தாலே தெரியும். மான்தோல் சட்டை முழுக்க கலர் கலரா மணி கோத்திருக்கும், அந்தப் பொண்ணு "நல்லா எடு"ங்கற மாதிரி நிமிந்து நிக்கும். சாம்பிள் எடுக்கறதுக்கும் போர்ட்ரெய்ட் எடுக்கறதுக்கும் வித்தியாசம் இங்கதான் இருக்கு, வேலை தெரிஞ்ச கண்ணுக்கு அது ஒடனே தெரிஞ்சுடும்.

பேர் எழுதினவங்களும் காதுல விழுந்தபடிதான் எழுதினாங்க, இல்லன்னா பட்டப்பேர். கோமருக்குத் துணையா இருந்த இனூயிட் பொம்பளையோட பேர் நிவியாட்சியானாக், ஆனா திமிங்கலக்காரங்க வெச்ச பேர் "ஷூஃப்ளை". அவங்க மணிச்சட்டை நியூயார்க் மியூசியத்துல இருக்கு, பட்டப்பேரும் கூடவே ஒட்டிக்கிச்சு. 1922ல உலகம் முழுக்க ஓடின சினிமாவோட ஹீரோ நானூக்குக்கும் அதே கதைதான், அவரோட நிஜப்பேர் அல்லாகாரியால்லாக். இதுக்கெல்லாம் மேல 1940கள்ல கனடா அரசாங்கம், இந்தப் பேரெல்லாம் நம்மால எழுத முடியாதுன்னு ஆளுக்கொரு நம்பர் போட்ட வில்லையக் குடுத்துடுச்சு, கழுத்துல மாட்டிக்கணும் இல்லன்னா சட்டையில தெச்சுக்கணும். எங்க ஸ்டூடியோவுலகூட நம்பர் உண்டு, ஆனா அது நெகட்டிவுக்கு.

இதுல கொடுமை என்னன்னா, பேருன்னா அவங்களுக்கு உசுரு. செத்தவங்க பேரப் பொறக்கற குழந்தைக்கு வெப்பாங்க, வெச்ச பின்னாடி அந்தக் குழந்தையையே "தாத்தா"ன்னு மொறை வெச்சுக் கூப்பிடறதும் உண்டு. நமக்கு இது புரியாததா என்ன, பேரன்ங்கற வார்த்தையே பேர்லேருந்து வந்ததுதான, மாமனார் பேர வெச்ச பையன எங்கம்மா கடைசிவரைக்கும் பேர் சொல்லிக் கூப்பிட்டதே இல்ல.

இனூயிட்டே கேமராவப் புடிச்ச கதையும் சொல்லணும், எனக்கு ரொம்பப் புடிச்சது இதுதான். வடக்குக் கனடாவுல கேப் டோர்செட்ங்கற ஊர்ல பீட்டர் பிட்சியோலாக்னு ஒருத்தர் (1902-73), 1930கள்ல ஒரு வெள்ளைக்காரர் போலார் கரடிகிட்டப் போகப் பயந்து "நீயே எடுத்துக் குடு"ன்னு கேமராவக் கையில குடுத்ததுதான் ஆரம்பம். 1940கள்ல ஒரு பாதிரியார்கிட்டருந்து சொந்தமா கேமரா வாங்கிட்டார். அவரும் சம்சாரம் அக்கியோக்கும் ஐஸ் வீட்டுக்குள்ளயே டார்ச் லைட்டுல செவப்புத் துணி சுத்தி ஃபிலிம் கழுவியிருக்காங்க! பழைய கூலிங் கிளாஸ் கண்ணாடிதான் லென்ஸுக்கு ஃபில்டர். அத்தன வசதியும் இருந்த எங்க டார்க்ரூம்ல மார்கழி மாசம் தண்ணி சில்லுனு இருக்குன்னு நான் பொலம்புவேன்.

சரி, கண்டுபிடிக்க முடியுமான்னு கேட்டீங்க. முடியும், பண்ணிட்டும் இருக்காங்க. 2001 வாக்குல கனடா தலைநகர் ஒட்டாவால படிக்கிற இனூயிட் பசங்களோட காலேஜும் கனடா தேசிய ஆவணக் காப்பகமும் நுனாவுட் (இனூயிட் ஜனங்க அதிகமா இருக்கற வடக்குப் பகுதி) அரசாங்கமும் சேந்து "ப்ராஜெக்ட் நேமிங்"னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. பழைய போட்டோவ ஸ்கேன் பண்ணி லேப்டாப்புல ஏத்தி, பசங்க சொந்த ஊருக்குக் கொண்டுபோய் பெரியவங்ககிட்டக் காட்டி யாருன்னு கேட்டாங்க. மொதல்ல எடுத்துக்கிட்டது ரிச்சர்ட் ஹாரிங்டன் 1950ஐ ஒட்டின வருஷங்கள்ல எடுத்த படங்கள். 1950ல பட்லேங்கற எடத்துல கரிபூ மான் வராம ஜனங்க பட்டினியில செத்தப்ப எடுத்ததும் அதுல இருக்கு. அந்தப் பக்கத்து வயசானவங்களுக்கு அதெல்லாம் சொந்தக்காரங்க முகம்தான.

ஃபுல்லர்டன் படங்களுக்கு இப்படிப் பண்றது கஷ்டம், அதுல இருக்கறவங்களப் பச்சக் குழந்தையா இருந்து பாத்தவங்ககூட இன்னிக்கு இருக்க வாய்ப்பு கம்மி. எழுதி வெச்சது, வீட்டுல சொல்லிக் கேட்டது, இத வெச்சுத்தான் தேடணும். காப்பகத்தோட சைட்டுல தேடிப் பாருங்க, பேர் ஏறின படம் நெறைய கெடைக்கும், பேர் இல்லாதது அதவிட நெறைய.