இரண்டு பக்கம்தானே?

கேள்வி: மாணவர்கள் நடத்திய பள்ளிப் பத்திரிகையிலிருந்து தலைமையாசிரியர் இரண்டு பக்கங்களை நீக்கியது செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றமே 1988இல் தீர்ப்பளித்துவிட்டது. அச்சுச் செலவு பள்ளியுடையது. போனதும் இரண்டு பக்கம்தான். இன்னும் ஏன் அங்கலாய்க்கிறீர்கள்? (வாசகர், தஞ்சாவூர்)

பதில்: பக்கக் கணக்குப் பேசுபவர்களோடு எனக்குப் பழைய பகை உண்டு. மிசௌரி மாநிலத்து ஹேசல்வுட் ஈஸ்ட் பள்ளியின் ‘ஸ்பெக்ட்ரம்’ பத்திரிகைக்கு 1983 மே இதழில் மொத்தமே ஆறு பக்கம். தலைமையாசிரியரை உறுத்தியவை இரண்டு கட்டுரைகள்: கருவுற்ற மூன்று மாணவிகளின் அனுபவம், பெற்றோரின் மணவிலக்கால் பிள்ளைகள் படும் பாடு. அச்சேறாமல் போன கட்டுரைகளோ ஆறு! மற்றவற்றில் தமக்கு ஆட்சேபம் இல்லை என்று அவரே சாட்சி சொன்னார். அதே பக்கங்களில் இடம்பெற்றதுதான் அவை செய்த குற்றம். வீட்டைவிட்டு ஓடிப்போகும் பிள்ளைகளைப் பற்றிய கட்டுரையும் அப்படித்தான் போயிற்று.

பெயரை மாற்றினாலும் அந்த மாணவிகள் யாரென்று தெரிந்துவிடும் என்று அவர் அஞ்சினார். எந்தப் பத்திரிகை ஆசிரியருக்கும் வரவேண்டிய கவலை அது; மதிக்கிறேன். அதற்காகச் சில வரிகளைத் திருத்தச் சொல்லியிருக்கலாம். மணவிலக்குக் கட்டுரையில் தந்தையைக் குறை சொன்ன மாணவியின் பெயர் இறுதிப் படியில் ஏற்கெனவே நீக்கப்பட்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை. கல்வியாண்டு முடிவதற்குள் திருத்த நேரமில்லை என்று நினைத்தாராம். இந்த ‘நேரமில்லை’யை அச்சகங்களில் கேட்டுக் கேட்டு என் காது புளித்துவிட்டது. நான்கு வரியைத் திருத்தப் பொழுதில்லாதவர்களுக்குப் பக்கத்தையே தூக்க மட்டும் எங்கிருந்தோ பொழுது கிடைத்துவிடுகிறது.

தீர்ப்பு 5-3. மாறுபட்டு எழுதிய நீதிபதி பிரென்னன் இதைத்தான் பிடித்துக்கொண்டார்: குறிப்பிட்ட வரிகளை நீக்கலாமா, பக்க அமைப்பை மாற்றலாமா, இதழைத் தள்ளிப்போடலாமா என்று தலைமையாசிரியர் யோசிக்கவே இல்லை. அதே நீதிமன்றம்தான் 1969இல், வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டி அணிந்து பள்ளிக்கு வந்த டிங்கர் குடும்பத்துப் பிள்ளைகளின் பக்கம் நின்றது.

செலவைப் பற்றியும் கேட்டீர்கள். 1982-83 கல்வியாண்டில் ‘ஸ்பெக்ட்ரம்’ அச்சுச் செலவு 4,668 டாலர். விற்பனையில் வந்தது 1,166. ஆம், மீதியைக் கல்வி வாரியம்தான் கொடுத்தது. ஆனால் கலிஃபோர்னியாவில் 1977 முதலே வேறு சட்டம் இருக்கிறது. அவதூறு, ஆபாசம், வன்செயலுக்குத் தூண்டுதல் போன்றவை தவிர, மாணவர் எழுதுவதைப் பள்ளி தடுக்க முடியாது. பத்திரிகைக்குப் பணம் கொடுப்பது பள்ளியாகவே இருந்தாலும்.